நகராத பட்டைகள்

யேனா, மார்ச் 1883

அன்புள்ள ஒட்டிலி,

காலடி அதிர்வு கருவியைக் கெடுக்கிறதாம்; அதனால் நிலவறை ஆய்வுக்கூடத்தில் இனி நான் பூட்ஸ் அணியக் கூடாது என்று, பதினோரு நாள் ஆலோசித்துப் பேராசிரியர் கெஸ்ட்னர் தீர்மானித்திருக்கிறார். உன் இருமல் நின்றதா?

ஒளியைச் சுமப்பதாகச் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத ஈதருக்குள் பூமி ஓடுகிறது என்றால், ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் எங்கள் கருவியைத் திருப்பும்போது அதில் தெரியும் ஒளிப்பட்டைகள் நகர வேண்டும். எழுபது முறை பார்த்தேன், நகரவில்லை. எழுபது முறையும் அப்படியே எழுதினேன். ஈதர் இருக்கிறது என்று அவர் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். ஆகவே தப்பு என்னுடையது. தப்பாகப் பார்க்கும் உதவியாளருக்கு இங்கே வேலை கிடையாதாம்.

“வெண்டெலின், பாக்கும்போது மூச்சு விட்டியாய்யா?” என்று என்னைக் கேட்டார்.

“பொறந்ததுலேருந்து விட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்.”

“அதான்! அந்தச் சூடுதான் கெடுக்குது.”

சூடு பட்டால் பட்டை ஆடுமே தவிர அசையாமல் நிற்காது என்று சொல்ல வாயெடுத்தேன். “வாயை மூடு, அதுவும் சூடு” என்றார். கருவியை உடைக்காமல் வெளியே வந்தது என் வாழ்நாள் சாதனை.

தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீயே பின்னியதாக இருக்கட்டும். கடைக் காலுறையோடு பேச முடியவில்லை.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

உன் வெண்டெலின்

பி.கு.: இன்று காலை பேராசிரியரே வெறுங்காலோடு, மூச்சை அடக்கிப் பார்த்தார். பட்டைகள் நகரவில்லை. என் இடத்துக்கு வேறு உதவியாளர் தேவை என்று மதியம் செய்தித்தாளுக்கு விளம்பரம் அனுப்பிவிட்டார்.