கட்டைப் பிரிக்க விடாத மாமிக்கு

என் அன்பு மாமி,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு வரி எழுதியிருப்பேனா? இந்த ஓரறைக் காம்பராவில் கூடவே இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்!

மழை இன்னும் விடவில்லை. காரியம் முடிந்து உங்கள் மகன் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். என் சின்ன மகள் உங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டே திரிகிறாள், கழுவப் போட விடமாட்டேன் என்கிறாள். நாளைக்கு நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறேன்.

இந்த வலது கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், மாமி. பல வருஷத்துக்கு முந்திய அந்த அடைமழையில், ஈர விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தபோது தீ குபீரென்று எழும்பியது. முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி மருந்து தோய்த்த வலைத்துணியைப் புண்மேல் பரப்பி, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் காயத்தைப் பார்க்காமல் போவார்களா? பிஸ்கட்டை வைத்துவிட்டு, "எங்க புள்ள, காட்டு பாப்போம்" என்பார்கள். காட்டாவிட்டால் மரியாதைக் குறைவு. நீங்களே ஒவ்வொருவருக்கும் கட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். துணியோடு புதுத்தோலும் உரிந்து வந்தது. ஒருத்தி மஞ்சள் பூசினாள், இன்னொருத்தி பற்பசையை அப்பினாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையெல்லாம் சீழ். மிஸ்ஸி சிங்களமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார். "அரின்ன எபா! தொறக்க வேணாம்! மருந்து வேலை செய்ய விடுங்க. இன்னும் பிரிச்சா வெரல் சுருண்டுடும், கொழுந்து எடுக்க ஏலாது."

உங்கள் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து வாசலில் நீங்கள்தான் காவல். தமிழ் ஆட்களிடமும் "அரின்ன எபா" என்றுதான் சொன்னீர்கள். தமிழில் சொன்னால் ஒருத்தரும் மதிக்க மாட்டார்களாம்! வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வட்டகொடையிலிருந்து உங்கள் அண்ணன் வந்த அன்றுதான் சிரிப்பு போனது. கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, நனைந்துபோய் வந்து நின்றார்.

"கட்டப் பிரி தங்கச்சி. காயத்துல பூசணும்."

"நெத்தியில பூசுங்கண்ணே. கட்ட மட்டும் தொட வேணாம்."

"அம்மா அப்பா இல்லாம ஒன்ன வளத்தவன் நானு. எனக்கே காட்ட மாட்டியா?"

"ஒங்க கால்ல விழுறேண்ணே. உள்ள வந்து தேத்தண்ணி குடிங்க."

அவர் குடிக்கவில்லை. மழையிலேயே இறங்கிப் போனார். அவர் மகள் கல்யாணத்துக்கு நமக்குப் பாக்கு வெற்றிலை வரவில்லை. "புள்ளைக்குக் கை வந்துருச்சே, அது போதும்" என்றீர்கள். போதுமா மாமி? அந்தக் கல்யாண நாளில் காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்களே! என் கைக்காகத்தானே அண்ணனை விட்டீர்கள்.

உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அவர் வந்தார். உங்கள் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "கையக் காட்டும்மா" என்றார். நீட்டினேன். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் தொட்டிருந்தா கெடுத்திருப்பேன்" என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நீ செஞ்சதுதான் சரி, தங்கச்சி" என்று வாய்விட்டு அழுதார்.

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை தீபாவளி காத்திருந்தீர்கள்! இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

உங்கள் வருஷத் திவசத்துக்கு அவரை அழைத்து வருவேன். வரமாட்டேன் என்றால் வட்டகொடையில் போய் வாசலில் நிற்பேன். என் கையால் சமைத்துப் பரிமாறுவேன். அவருக்குத் தங்கச்சி வீடு இல்லை என்று ஆக விடமாட்டேன், மாமி.

உங்கள் மருமகள்,
செல்வி