பனியில் கேட்ட தகரச் சத்தம்

12.1.1958

அன்புள்ள அத்தானுக்கு,

பொன்னமராவதியில் தாங்களும் அத்தையும் சுகந்தானே? அத்தையின் முட்டுவலி இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? நம் பிள்ளை சேவுகனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது, பயப்பட வேண்டாம்.

நேற்று பஸ் வரவில்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் விட்டுவிட்டு, மணமேல்குடிக்கு நடந்துபோய் மருந்து வாங்கினேன். கடற்கரையோரமாகத் திரும்பும்போது மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. இந்தக் கடலுக்கு அலைச் சத்தமும் கிடையாது. வலது காலில் தண்ணீர் பட்டால் வழி சரி என்று நடந்தேன். முழங்கால்வரை சேற்றில் புதைந்த பிறகுதான், கடலை விட்டு உப்பங்கழியோரமாக உள்ளே போய்விட்டது புரிந்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. மருந்து என் கையில், பிள்ளை அங்கே.

அப்போது தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பனி நாளில் கடலுக்குப் போனவர்கள் கரை காண வீட்டுப் பெண்கள் இப்படித் தட்டுவார்களாம். அந்தச் சத்தத்தைப் பிடித்தே கரைக்கு வந்தேன். தட்டியவள் என் மாணவி ஒருத்தியின் தாய், ஞானமணி.

“ஆத்தாடி! எம்புருசனக் கூப்புட்டா டீச்சரம்மா வந்து நிக்கிறீங்க! தனியா இங்கிட்டு ஏங்க வந்தீங்க?” என்று சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் புருஷனும் பின்னாலேயே கரையேறினான்.

டார்ச் பேட்டரியும் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாயும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள்.

இதைக் கேட்டால் பிள்ளையை ஊரில் விடச் சொல்வார்கள் அத்தை. நீங்கள் சம்மதித்துவிடாதீர்கள். அவனும் இங்கே இல்லையென்றால், நேற்று எந்தப் பக்கம் நடந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

எழுந்துவிட்டான், அழுகிறான்.

தங்கள்
செவந்தி