தாழ்ப்பாள் உடையவில்லை

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று இருபத்து மூன்று பேருக்குக் கண் பரிசோதனை. "இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு வாய் வலித்து வீட்டுக்கு வந்தால், தம்பி போன். "அக்கா, அப்பா செத்த அன்னிக்கு உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு? வக்கீலம்மா உன்னையும் சாட்சியா போடப் போறாங்க. தெளிவா யோசிச்சு வை."

தெளிவாகவாம்! அவனுக்கு அப்போது ஒரு வயது. எனக்கு ஒன்பது. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய காலையைத் தெளிவாக யோசித்து வைக்க, அதென்ன மளிகைச் சாமானா?

மார்ச் 6, வியாழன்

வக்கீலம்மா ஆபீஸ். நாற்காலி முழுக்க பைல்கள், நான் ஜன்னல் ஓரமாக நின்றேன்.

"குற்ற வழக்கை எப்பவோ மூடிட்டாங்க. இது சிவில். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. ஆனா உங்கப்பாவைக் கொன்னது ராணுவம்தான்னு ஒரு நீதிபதியை எழுத வைக்கலாம். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அதைக் காட்டினா போதும்."

அப்பா தெருவில் நடந்த சண்டைக்குள் போய் மாட்டிக்கொண்டார் என்று அரசாங்கம் சொல்கிறது. வீட்டிலிருந்து இழுத்துப் போய் வாசலிலேயே சுட்டார்கள் என்று நாங்கள் சொல்கிறோம். "கதவை உடைத்து உள்ளே வந்தார்கள்" என்று அம்மா சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வக்கீலம்மா ஒரு போட்டோவை நீட்டினார். அரசாங்கமே தாக்கல் செய்தது. அன்று மதியம் எடுத்தது. எங்கள் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. தாழ்ப்பாளில் ஒரு கீறல் இல்லை. கீல் ஆடவில்லை.

"ஒரு இடத்துல பொய்யின்னு காட்டிட்டா மிச்சத்தையும் பொய்யின்னுடுவாங்க. இந்தக் கதவு எப்படித் திறந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். வாய் கூசாமல்.

மார்ச் 7, வெள்ளி

தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். காற்று அடித்தால், மழை பெய்தால், யார் வீட்டிலாவது பல்பு எரியவில்லை என்றால் எங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். அவர் சட்டை மாட்டுவதற்குள் ஓடிப்போய்த் திறப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று காலை ஆறரை இருக்கும். "லைன்மேன் அண்ணா! கம்பி அறுந்து கிடக்கு, சீக்கிரம் வாங்க!" அவசரமான, மரியாதையான குரல். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தேன். வெளியே நாலு பேர், சீருடையில். அப்பா ஒரு கை சட்டையிலும் ஒரு கை வெளியிலுமாக வந்தார். வாசலுக்கு இழுத்தார்கள். அப்புறம் துப்பாக்கிச் சத்தம்.

அன்று மதியமே, வந்தவர்களிடமெல்லாம் "கதவை உடைச்சுட்டு வந்தாங்க" என்று அம்மா அழுதாள். அவள் அப்படித்தான் நினைத்தாளா? இல்லை, நான் திறந்தது தெரிந்தே சொன்னாளா? நான் கேட்டதில்லை. இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினோம்?

மார்ச் 16, ஞாயிறு

கேட்டே விட்டேன், சுற்றி வளைத்து. "ஏம்மா, கதவை எதால உடைச்சாங்க? காலாலயா, துப்பாக்கியாலயா?"

"உடைச்சாங்க. அவ்வளவுதான். வெங்காயத்தை உரி."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். வெங்காயம் உரிக்கும்போது யார்தான் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

பக்கத்து வீட்டு டீச்சரக்கா போன் செய்தார். அவர் கணவரையும் அதே காலையில் அதே ஆட்கள்தான் கொன்றார்கள். அவரும் எங்களோடு சேர்ந்துதான் வழக்குப் போட்டிருக்கிறார். "உங்கம்மா சாட்சியை நம்பித்தான்மா நானும் இருக்கேன். நான் எதையும் கண்ணால பார்க்கலயே."

நான் சொன்னால் அம்மா கோர்ட்டில் பொய்க்காரி. சொல்லாவிட்டால் வழக்கே பொய். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் வாக்கியம் அமைத்து எழுதியிருக்கிறேன். அந்த எறும்பு நானாகவே இருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அம்மா கூண்டேறினாள். அரசு வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை. போட்டோவைக் காட்டி, "உடைஞ்ச இடம் எதும்மா? கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க" என்றார்.

அம்மா போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இது எங்க வீட்டுக் கதவே இல்ல."

கதவின் மேல் அப்பா கையாலேயே பெயின்டில் எழுதிய வீட்டு எண் இருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம். கூடவே அழுகை. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கு இதையே சொல்லுங்க. உங்கம்மாவைப் பத்தி நான் பார்த்துக்கிறேன்."

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். குரல், ஸ்டூல், நாலு பேர், சட்டை. எல்லாம்.

"முப்பத்தொரு வருஷமா ஏன் சொல்லல?" என்றார் அரசு வக்கீல்.

"நான் திறந்ததாலதான் எங்கப்பா செத்தாரு. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். "ஐயா! நான்தான் போய்த் திறடின்னு சொன்னேன்! அவ தானா திறக்கல!"

நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். அங்கேயும் அதையே சொன்னாள். "அப்ப உடைச்சாங்கன்னு ஏன் எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டதும் கூண்டைவிட்டு இறங்கப் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் தம்பி, "எங்கிட்டகூடச் சொல்லலையேக்கா" என்றான்.

ஏப்ரல் 5, சனி

அம்மா அப்படிச் சொன்னாளா? எனக்கு ஞாபகமே இல்லையே. நான் ஸ்டூலை இழுக்கும்போது பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அங்கே இருந்தவளுக்கு வாசலில் கூப்பிட்டது எப்படிக் கேட்டிருக்கும்? பின்னே, மறுபடியும் பொய்யா? சத்தியம் செய்துவிட்டு இரண்டாவது பொய்? இல்லை, அந்தத் துணிச் சத்தம் வேறொரு நாள் காலையினுடையதா? யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்புது. ஐயோ, எனக்கு எதுவுமே தெரியல.

கடையில் ஒரு பெரியவர் எந்தக் கண்ணாடியை மாற்றிப் போட்டாலும், "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டேன். "உனக்கெதுக்கு அது?" என்றாள் அம்மா.

ஜூன் 10, செவ்வாய்

தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார்கள். தேதி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜெயித்துவிட்டோம். டீச்சரக்காவும். அரசாங்கம் அப்பீல் போகலாம், அதை அப்புறம் பார்க்கலாம் என்றார் வக்கீலம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தீர்ப்பு அறுபத்து நாலு பக்கம். தம்பி டீச்சரக்காவை வீட்டில் விடப் போய்விட்டான்.

அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து, "கதவைப் பத்தி என்ன எழுதியிருக்காரு? அதை மட்டும் படி" என்றாள். நாற்பத்தொன்றாம் பக்கம். படித்தேன்:

"கதவை அந்தச் சிறுமி திறந்தாள் என்பதை இந்த நீதிமன்றம் ஏற்கிறது. யார் சொல்லித் திறந்தாள் என்பதைத் தீர்மானிக்க வேண்டிய தேவை இல்லை. கதவைத் திறந்தவர் எவரும் இந்தச் சாவுக்குப் பொறுப்பல்ல, தட்டியவர்களே பொறுப்பு."

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"இதைத்தான்டி உனக்குச் சொல்லணும்னு இருந்தேன், அன்னிலேர்ந்து. எனக்கு இப்படிச் சொல்லத் தெரியல. உடைச்சாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் அழுதேன். ஒன்பது வயதில் அழ வேண்டியதெல்லாம் சேர்ந்து வந்தது. அம்மா என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்தாள். ஒரு நிமிஷம் கழித்து, அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தீர்ப்பை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"காகிதத்தை நனைக்காத. தம்பி இன்னும் படிக்கல."