மூடியிருந்த வேலிக்கதவு

அன்புள்ள அம்மா,

ஞாயிறன்று "எல்லாரும் பத்திரமா வந்தாங்களாடி?" என்று நீங்கள் போனில் கேட்டபோது, ஒருவர் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

ஏரிக்கரைப் பாதையில் ஆட்டு வேலிக் கதவுகள் வரும். எங்கள் சைக்கிள் கூட்டத்தில் கடைசியாக வருபவர்தான் அவற்றை மூட வேண்டும். பனிமூட்டத்தில் திரும்பிப் பார்த்தேன், கதவு மூடியிருந்தது; எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னோடு வழிகாட்டும் ரூரி, "எத்தனை தடவை பார்ப்பே மகாராணி? அதான் மூடியாச்சே. சூப் ஆறிடும், மிதி!" என்றான். மிதித்தேன்.

ஆனால் கதவை மூடியவர் அந்த ஆடுகளை வளர்க்கும் பண்ணைக்காரர். கிளாஸ்கோவிலிருந்து வந்த முதியவர் ஃபெர்கஸ் இன்னும் கதவுக்குப் பின்னால் இருந்தார். தான்தான் கடைசி என்று அவருக்குத் தெரியும். அதனால் மூடிய கதவைக் கண்டதும், நாங்கள் வேறு வழியில் போய்விட்டதாக நினைத்திருக்கிறார். அவருடைய சக்கரத் தடம் ஆற்றுப் பக்கம் திரும்புகிறது.

கவலைப்படாதீர்கள், தேடுவதற்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். என் கம்பளிக் கையுறையை இங்கே வரும் படகில் அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம். நீங்களே கொண்டுவந்தாலும் சரி. ரூரி கூப்பிடுகிறான், ஓடுகிறேன்.

இஷ்பெல்

உறையை ஒட்டுவதற்குள் ஒரு வரி: ஆற்றுப்பாலத்தின் கீழே அவர் உடல் கிடைத்தது.