பூட்டு மூடி போட்ட வண்டி

அண்ணாச்சி,

இன்று காலை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தபோது சட்டைக் கையில் டீசல் பட்டுவிட்டது. வாடை மூக்கில் ஏறியதும் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். பாதி தேய்த்த பிறகுதான் உறைத்தது, இனி என் சட்டையை மோந்து பார்க்க ஆள் இல்லை.

பள்ளிக்கூட வண்டிகளுக்கெல்லாம் நீங்கள் மேனேஜர். நான் புதூர்ப் பக்கம் போகும் வண்டிக்கு டிரைவர். ஏதோ ரகசியம் பேச வருவதுபோல் கிட்டே வருவீர்கள். தோளில் கை போட்டு, "மழை வருமாவே?" என்பீர்கள். வாய் மழையைக் கேட்கும், மூக்கு என் சட்டையைக் கேட்கும். டிரைவர் சட்டையில் டீசல் வாடை இல்லாமல் மல்லிகைப்பூ வாடையா இருக்கும்? பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் கதைதான் என் கதை.

ஒரு வருஷம் என் வண்டியில் டீசல் குறைகிறது என்று யாரோ உங்களிடம் ஓதிவிட்டார்கள். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்குப் போய் டேங்குக்கு ஒரு பூட்டு மூடி வாங்கி வந்து நீங்களே மாட்டினீர்கள். சாவி உங்கள் சட்டைப் பைக்குப் போயிற்று. கழற்றிய பழைய மூடியை நான் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

வண்டி நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தினமும் நிற்காது. ஊருக்குள் ஓடும்போது நிற்காது. எட்டயபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் விரிந்து கிடக்கிற இடத்தில், யாரோ தொண்டையைப் பிடித்ததுபோல் திணறித் திணறி நின்றுவிடும். டீசலை இஞ்சினுக்கு ஏற்றும் கைபம்பை அடித்துப் பார்ப்பேன், அசையாது. உங்களுக்குப் போன் போடுவேன். பைக்கில் வந்து இறங்குவீர்கள். முதல் வேலையாகப் பூட்டைத் திறந்து குச்சியை விட்டு டீசலை அளப்பீர்கள். அளவு சரியாக இருக்கும். "இப்ப அடியும்வே" என்பீர்கள். கைபம்பை இரண்டு அழுத்து அழுத்திச் சாவியைத் திருகுவேன். பாவி வண்டி உடனே உறுமும்!

"டீசல் இருக்கு, இஞ்சின் ஓடுது. நான் வந்தா ஓடுது, நீரு தனியா இருந்தா நிக்கி. இதுக்கு என்னவே அர்த்தம்?"

"எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்? மெக்கானிக்கக் கேளுங்க."

மெக்கானிக் பில்டரை மாற்றினார், பம்பை மாற்றினார், குழாய்களைக் கழற்றி ஊதினார். பட்டறையில் அவர் உங்களிடம் சாவி வாங்கி மூடியைத் திறந்து போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பார், அங்கே வண்டி சாயங்காலம் வரை ஓடும். டேங்கை நிரப்பிய நாளில்தான் அதிகம் நிற்கிறது என்று நான் சொன்னதும் பங்க்காரர் தலை உருண்டது, டீசலில் தண்ணீர் கலக்கிறார் என்று. பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் இல்லை. கடைசியில் சந்தேகம் என்னிடமே திரும்பி வந்தது. தூரத்து ரூட்டைத் தட்டிக்கழிக்க நான் நாடகம் ஆடுகிறேனாம். வேறு பள்ளிக்கூடத்துக்காரன் எனக்குக் காசு தருகிறானாம்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? உங்கள் மச்சினன் வேலையில்லாமல் திரிகிறான், அவனிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. அவனை ஏற்றிவிட என் வண்டியில் நீங்கள்தான் ஏதோ செய்கிறீர்கள் என்று நினைத்தேன். பழைய டிரைவர்கள் சிலரிடம் சொல்லவும் செய்தேன்.

பிறகு அந்த ரயில்வே கேட். பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கியதும், வால் பக்கம் இன்னும் தண்டவாளத்துக்கு மேலே இருக்க, வண்டி நின்றது. உள்ளே பிள்ளைகள். "ஏலே, இறங்குங்கலே, ஓடுங்கலே!" என்று, பிள்ளைகளை ஏற்றி இறக்க வண்டியில் வரும் அக்கா போட்ட சத்தம் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது. ரயில் வரவில்லை, தப்பித்தோம். மறுநாள் பெற்றோர் எல்லாம் வந்து நின்றார்கள். தாளாளர் உங்களைக் கூப்பிட்டு, இன்னொரு முறை நின்றால் டிரைவரை அனுப்பிவிடுங்கள் என்றார். டீசல் திருடி வெளியே போனவன் என்று பேர் வந்தால் கோவில்பட்டியில் எவன் எனக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பான்? அன்று நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத வண்டியில் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க நீங்களே ஏறினீர்கள். உங்கள் கண் முன்னால் டேங்க் நிரம்பியது, உங்கள் கையால் பூட்டினீர்கள். வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெடலில் இருந்த என் காலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். கரிசல் காட்டுக்கு நடுவே, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி திணறி நின்றது.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி."

"பாத்தேன்வே."

இறங்கித் திறந்தீர்கள், அளந்தீர்கள், பூட்டினீர்கள். ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. இந்த முறை பூட்டில் சாவியைப் போட்டவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். மெக்கானிக், பங்க்காரர், நான், எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது உங்கள் கை ஒன்றுதான்.

"ஏம்வே, இதத் திறக்கும்போதெல்லாம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குதே. முன்னயும் உண்டா?"

"பழைய மூடிக்குக் கிடையாது அண்ணாச்சி."

மூடியை வாயில் வைத்து ஊதினீர்கள். காற்று போகவில்லை. சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய மூடியைக் கொடுத்தேன். ஊதினீர்கள், போயிற்று. அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிரே இன்னொரு ஓட்டையும் வேண்டும். டீசல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வேண்டும். உங்கள் பூட்டு மூடி காற்றையும் திருடனாக நினைத்து வெளியே நிறுத்திவிட்டது. டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நின்றது.

பழைய மூடியைப் போட்டுக்கொண்டு புதூர் வரை போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. தாளாளரிடம் நீங்களே பேசுவதாகச் சொன்னீர்கள், பேசவும் செய்தீர்கள். என் வேலை பிழைத்தது. ஆனால் அன்று ஊர் எல்லை வந்ததும், "அப்ப முன்ன குறைஞ்ச டீசல் எங்கவே போச்சு?" என்று கேட்டீர்கள் பாருங்கள், எனக்கு உச்சி எரிந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நான் எடுக்கல அண்ணாச்சி" என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஜன்னல் வழியாக மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த ஜூன் மாதம் உங்கள் பேத்தியை என் வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் தெருவுக்கு வேறு வண்டி வருகிறது. மெயின் ரோடு வரை அவளை நடத்திக் கூட்டி வந்து என் வண்டியில்தான் ஏற்றினீர்கள். வேவு பார்க்க ஆள் வைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பால்வடியும் முகத்தோடு இருந்த அந்தப் பிள்ளையைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம், சாயங்காலம் வீட்டில் என்னென்ன ஒப்பிக்குமோ என்று நினைப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓட்டினேன்.

உங்கள் கருமாதிக் காரியம் எல்லாம் முடிந்து அவள் மறுபடி பள்ளிக்கூடம் வந்தாள். இப்போது தோள் உயரம் வளர்ந்துவிட்டாள். மனசு கேட்காமல் நேற்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, தாத்தா நம்ம வண்டியப் பத்தி தினமும் விசாரிப்பாவளோ?"

"இல்ல மாமா. வீட்டுல எல்லாரையும் குடைவாவ. அம்மாகிட்ட பால் கணக்கு, என்கிட்ட மார்க்கு. பஸ்ஸப் பத்தி மட்டும் கேட்டதே இல்ல. லேட்டா வந்தாக்கூட, 'அவன் கூட வாரேல்லா, எனக்கு என்ன பயம்'ன்னுருவாவ."

அவள் இறங்கிப் போன பிறகும் வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நான் எடுக்கவில்லை என்று சொன்னதை நீங்கள் அந்தக் காட்டிலேயே நம்பிவிட்டிருக்கிறீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து என் வண்டியில் வைத்தீர்கள். நான் அவளை ஒற்றன் என்று நினைத்தே கூட்டிக்கொண்டு போனேன்.