பன்னிரண்டு ஓட்டைகள்

12.2.2006, ஞாயிறு

காலையில் பனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்கணும். நாளை பள்ளி லேபில் பிளஸ் டூ ப்ராக்டிகல். பிப்பெட் எல்லாம் கழுவி வைக்கணும், ஒன்று உடைந்தாலும் என் தலைதான்.

பீர்க்கன்கரணையிலிருந்து அண்ணன் வந்தான், கூடவே ஒரு இன்ஜினியர். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம், சுண்ணாம்பு உதிர்கிறது. இன்ஜினியர் பேனாவால் குத்திப் பார்த்தார். "ஃபவுண்டேஷனே போயிடுச்சு மேடம். அடுத்த மழை தாங்காது."

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அம்மாவ இதுக்குள்ள வெச்சிட்டு எனக்குத் தூக்கம் வரல ஜமீலா. பில்டர் டைம் குடுத்திருக்கான், ஏப்ரல் பதினாறு வரைக்கும் பாப்போம். அப்புறம் ஃப்ளாட் கட்டக் குடுத்துடலாம்."

வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே பங்களா. வயது நூறைத் தாண்டும். ஆஸ்திரேலியா போன ஒரு என்ஜின் டிரைவர் குடும்பத்திடமிருந்து, அத்தர் கடை வைத்திருந்த அத்தா வாங்கியது. மரப்பலகைத் தரை, பச்சை ஜன்னல், ஏணி போட்டாலும் எட்டாத கூரை. ஒட்டடை அடிப்பது பெரிய தண்டனை. ஆனால் எனக்கு இந்த வீடு வேண்டும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

18.2, சனி

கொத்தனார் முனுசாமி வந்தார். உதிர்ந்த பூச்சைச் சுரண்டத்தான் கூப்பிட்டேன். வெளிப்பக்கம், தரையை ஒட்டித் தட்டிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார்.

"யக்கா, இங்க ஓட்டை கீது. எவனோ அடச்சி வெச்சிகீறான்."

தட்டத் தட்ட மொத்தம் பன்னிரண்டு. தரைப்பலகைக்கு அடியில் காற்று போக விட்ட ஓட்டைகளாம். "அடியில காத்தே இல்லாங்காட்டி ஈரம் எங்க போவும்? செவுத்துலதான் ஏறும்."

உளியால் ஒன்றை உடைத்தார். சிமெண்டோடு கண்ணாடித் துண்டுகள் கொட்டின. நீலம், பச்சை. முகர்ந்து பார்த்தேன், வாசனை எதுவும் இல்லை. ஆனால் தெரிந்துவிட்டது. அத்தாவின் கடை அத்தர் சீசாக்கள்.

அடைத்த 'எவன்' அத்தா. அடைக்க வைத்தது நான். ஒன்பது வயதில், மழைக்காலத்தில், கூடத்தில் பாம்பைப் பார்த்து ஊரைக் கூட்டியவள். மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றேனாம். அத்தா எலி வளையை அடைப்பதுபோல் சீசாக்களை உடைத்துப் போட்டு, சிமெண்ட் பூசி, "இனிமே எறும்புகூட வராது, எறங்கு" என்றார். இறங்கினேன்.

அழுகை வந்தது. முனுசாமி டீ கேட்டதால் நின்றது.

19.2, ஞாயிறு

ஒன்பது ஓட்டைகள் திறந்தாயிற்று. என் அறைக்கு நேரே உள்ள மூன்றை மட்டும் திறக்க வேண்டாம் என்றேன். முனுசாமிக்குப் புரியவில்லை. லேபில் வேலை செய்கிறவளுக்குப் புரியும்: ஒன்றை மாற்றினால் இன்னொன்றை மாற்றாமல் வைக்கணும். ஈரம் ஏறிய இடத்தில் பென்சில் கோடு.

கூடம்: 38 அங்.
என் அறை: 38 அங்.

5.3, ஞாயிறு

கூடம்: 34. என் அறை: 38. இரண்டு முறை அளந்தேன். அம்மா, "சொவத்துக்கு சட்டை தைக்கப் போறியா?"

9.3, வியாழன்

குரோம்பேட்டை போகும் ரயிலில் இரண்டு பெண்கள்.
"பள்ளிக்கரணையில வீடு வாங்கிட்டோம். ஜன்னலத் தொறந்தா நாரை நிக்கும்."
"அய்யோ, அழகா இருக்குமே!"
"அழகுதான். மழை வந்தா அதே நாரை பாத்ரூம்ல நிக்குது."
எல்லார் வீட்டிலும் தண்ணீர்க் கவலை. கொஞ்சம் ஆறுதல்.

வாங்க: சோப்பு, அங்குல ஸ்கேல் (பழையது தேய்ந்துவிட்டது), கறிவேப்பிலை.

14.3, செவ்வாய்

கூடம்: 34. அதே 34! ஒன்பது நாளாக நகரவில்லை. இன்ஜினியர் சொன்னதுதான் சரியோ.

15.3, புதன்

வெளியே போய்க் குனிந்து பார்த்தேன். ஒன்பது ஓட்டையிலும் பழைய புடவைத் துணி. அம்மா!

"பாம்பு வந்தா யாரு பாக்கறது? நீ ஸ்கூலுக்குப் போயிடுவ. என்னால ஓடவா முடியும்?"

ரொம்பக் கத்திவிட்டேன். வாயை மூடியிருக்கலாம். பயத்துக்குத் துணி திணித்தவர் அவர், சிமெண்டே பூச வைத்தவள் நான். எந்த வாயால் பேசினேன்? ராத்திரி மீன் குழம்பு வைத்துச் சமாதானம் செய்தேன். துணி எடுத்தாயிற்று. ஆனால் அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

24.3, வெள்ளி

கூடம்: 27. என் அறை: 38.

ஜும்மா தொழுகை முடிந்து வந்த அண்ணன், நான் பள்ளி விட்டு வரும்வரை இருந்தான். அளவுகளைக் காட்டினேன். "வெயில் காலம். எந்தச் சொவரும் காயத்தான் செய்யும்" என்றான். என் அறைக்குக் கூட்டிப் போனேன். அதே வெயில், அதே சுவர், ஓட்டை மட்டும் மூடியிருக்கு, ஈரம் இறங்கவில்லை. அம்மாவின் தூக்கி வைத்த கால்களைப் பார்த்தான். "இப்படியே எத்தன நாளைக்கு?" என்றான் என்னிடம்.

கிளம்பினவன் வெளிச்சுவர் ஓரம் குந்தியிருந்தான். என்ன என்றேன். "சாவி விழுந்துடுச்சு." சாவி வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

15.4, சனி

கூடம்: 16. என் அறை: 37. நாளை வருகிறான். அம்மா காலையிலிருந்து கையேந்தி துஆ. எனக்காகவா அண்ணனுக்காகவா என்று கேட்கவில்லை.

16.4, ஞாயிறு

புழுக்கம். பத்து மணிக்கு ஆட்டோ. அண்ணனும் ஒரு கோணிப்பையும். நேரே கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். என் அறைச் சுவரில் வைத்தான். திரும்பவும் கூடத்தில்.

கோணிப்பையைக் கவிழ்த்தான். இரும்புச் சட்டம் போட்ட கம்பி வலைகள். அவன் வேலை செய்யும் திருமுடிவாக்கம் பட்டறையில், ஓட்டை அளவுக்கே அவனே வெட்டி வெல்டிங் வைத்தது. ஜன்னல் நிறத்திலேயே பச்சை. எண்ணினேன். பன்னிரண்டு.

"ஒம்பதுதானே தொறந்திருக்கு அண்ணே?"

"மிச்சம் மூணு யாரு தொறக்கறது? முனுசாமிய நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

"ஃப்ளாட்?"

"பில்டர் வேற வீடு பாத்துப்பான்." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "காத்து வரும், பாம்பு வராது. கால எறக்கும்மா."

அம்மா இறக்கினார்.

நாளை: முனுசாமிக்கு டீத்தூள். என் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தணும். வலையில் பெயிண்ட் காயவில்லை, விரலெல்லாம் பச்சை, இந்தப் பக்கத்திலும்.