ம், சரி, அப்பறம்

கள்ளக்குறிச்சி,
9.4.2025

என்னவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் பிரியாணி வாசம் கையை விட்டுப் போவதற்குள் புளிக் கிடங்கைப் பார்க்க மலை ஏறிவிட்டீர்கள். இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று ஃபோனில் கேட்டால் “ம்” என்று பதில் வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். புளி ஏற்ற வரும் வண்டியின் டிரைவர் டென்னிஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் அவர் கையிலேயே பதில் கொடுங்கள், காகிதத்தில்.

உங்கள் வாட்ஸ்அப் செய்திகளை நேற்று உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தேன். ம். சரி. அப்பறம். சாப்டியா. ஓகே டா. ம். அப்பறம். ஐயோ, கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? “அப்பறம்” என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஏதாவது வர வேண்டாமா? நானும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உங்களுக்கு டவர் போய்விடுகிறது.

பகலில் மண்டியிலும் எனக்கு இதே கூத்துதான். உங்கள் அண்ணன் கடை ஃபோன் இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார். பண்ருட்டிக்காரர் ஒருவர் “இருபது கிலோ புலி அனுப்பவும்” என்கிறார். உளுந்தூர்பேட்டைக்காரர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஏழெட்டுப் புள்ளி வைக்கிறார், எறும்பு ஊர்கிற மாதிரி. “அதற்க்கு” என்று எழுதாத ஆளே இல்லை. ஒரு பையன் “ஆக்சுவலி, பேசிக்கலி, வந்து, கடுக்காய் இருக்கா” என்று கேட்கிறான். கடுக்காய் கேட்க இவ்வளவு பீடிகையா? நான் எல்லாருக்கும் முழு வாக்கியத்தில், முற்றுப்புள்ளி வைத்துப் பதில் போடுகிறேன். “மேடம் கோவமா இருக்கீங்களா” என்று கேட்கிறார்கள்! முற்றுப்புள்ளி வைத்தால் கோபமாம்.

இருக்கட்டும். சேதிக்கு வருகிறேன். எலவனாசூர்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் இடம் காலியாக இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போனபோது தலைமையாசிரியை அமுதா டீச்சரைப் பார்த்தேன். “நீதான் வரணும், ஜூன் ரெண்டாந்தேதி பள்ளிக்கூடம் தெறக்குது” என்றார். பி.எட். முடித்த சான்றிதழ் கல்யாணத்திலிருந்து பீரோவில்தான் கிடக்கிறது. உங்கள் அண்ணனிடம் சொன்னேன். “பாக்கலாம்மா” என்றார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும். எனக்கு இந்த வேலை வேண்டும்ங்க. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள்
பைரோஸ்


வெள்ளிமலை,
16.4.2025

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் பார்த்து டென்னிஸ் சிரியாய்ச் சிரித்தான். “இன்னா பாய், பக்கத்துல கீற ஊருக்கு லெட்டரா, லவ்வா?” என்றான். ஆமாடா, கல்யாணத்துக்கு அப்புறம் வந்த லவ் என்றேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே, தாயே.

நீ மண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறாய். என் கதையைக் கேள். இங்கே டவர் எடுப்பது ஒரே ஒரு பாறையில். கிடங்கைப் பூட்டிவிட்டு ஏறிப் போக வேண்டும். ஏறினதும் இரண்டு மூன்று நாள் மெசேஜும் மொத்தமாகக் கொட்டும். நம் குடும்ப குரூப்பில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ மட்டுமே ஒரு கூடை இருக்கும். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் வைத்துக்கொண்டே போவேன். அதற்குள் குரங்கு வந்து பையை இழுக்கும். இதில் முற்றுப்புள்ளிக்கு எங்கே போவது?

“அப்பறம்” பற்றிக் கேட்டாயே. எழுத ஒன்றும் தோன்றாது, ஆனால் ஃபோனை மூடவும் மனசு வராது. மூடிவிட்டால் கீழே கிடங்கும் புளி மூட்டையும்தான். அதனால் அப்பறம் என்று போட்டுவிட்டு உன் பெயருக்குக் கீழே “எழுதுகிறார்” என்று வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

வேலை கிடைத்தது சந்தோஷம். நீ வகுப்பில் நின்றால் பிள்ளைகள் நடுங்கும். அண்ணனிடம் சொல்லலாம், சீசன் முடியட்டும். பார்க்கலாம்.

சுபைர்


கள்ளக்குறிச்சி,
29.4.2025

என்னவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். “அப்பறம்” பற்றி நீங்கள் எழுதினதைப் படித்து அழுதுவிட்டேன். இனிமேல் அந்தச் சொல்லைத் திட்டமாட்டேன். எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, பார்க்கலாம் என்று. அது உங்கள் அண்ணன் சொல். உங்கள் வீட்டில் யாரும் “கூடாது” என்று சொல்வதே கிடையாது. கூடாது என்றால் சண்டை போடலாம், அழலாம், சாப்பிடாமல் படுக்கலாம். பார்க்கலாம் என்பதோடு யார் சண்டை போடுவது?

பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது என்கிற ஆளில்லை உங்கள் அண்ணன். பாயிஸாவைச் சென்னையில் ஹாஸ்டலில் விட்டு எஞ்சினியரிங் படிக்க வைக்கிறார், மகள் பேச்சை எடுத்தால் முகம் மலர்கிறது. என் விஷயம் வேறு. நேற்று மறுபடியும் கேட்டேன். “இன்னாம்மா நீ, உன்னிய வுட்டா ஆர்டரு யாரு பாக்கறது? சனங்க உன் மெசேஜப் பாத்துதான் நம்பி வாங்குது. நீ வந்தப்பறம் யாவாரம் ஜாஸ்திதான, கம்மி ஆச்சா?” என்றார். பாராட்டுகிறாராம். நான் ஒழுங்காகத் தமிழ் எழுதினதுதான் எனக்கு வினையாகப் போயிருக்கிறது. நானும் அந்த “ஆக்சுவலி” பையன் மாதிரி எழுதியிருந்தால் என்னைப் போ என்று விட்டிருப்பார்.

மண்டியின் பின்னறை உங்களுக்குத் தெரியும். உத்தரம் வரைக்கும் மூட்டை. ஜன்னல் முன்னாலும் மூட்டை. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறேன். சில நாள் மூச்சு முட்டுகிறது, பொய் சொல்லவில்லை.

இந்த வாரம் குரூப்பில் போட்டுக் கேட்கப் போகிறாராம். மாமா மவுத்தாகி, உங்கள் அண்ணன் குடும்பத்துக்குப் பெரியவரான பிறகு வந்த வழக்கம்தானே இது. பெரியவர் போடுவார், எல்லாரும் கட்டைவிரல் வைத்துவிட்டால் முடிந்தது, பிறகு யாரும் பேசக் கூடாது. கூடப்பிறந்தவர்களில் ஒருவர் வேண்டாம் என்று எழுதினாலும் நிறுத்திவிடுவார். கொல்லை இடத்தை விற்கிறேன் என்றபோது உங்கள் அக்கா ஒரு வரி எழுதி நிறுத்தினாரே. மருமகள் எழுதினால் அது கணக்கில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். “வேலைக்குப் போகட்டும் அண்ணே” என்று மூன்றே சொல். அந்தப் பாறையில் ஏறிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்கள்
பைரோஸ்


கள்ளக்குறிச்சி,
13.5.2025

என்னவருக்கு,

குரூப்பில் போட்டுவிட்டார். அந்தச் செய்தியை விரித்தால் ஒரு பாய் நீளம் வரும். சலாம், புளி விலை, மாமியின் கண் ஆபரேஷன், பாயிஸா மார்க், மாங்காய் ஊறுகாய், எல்லாம் முடிந்து அடியில் “அப்பறம் வந்து பைரோசுக்கு ஸ்கூல் வேலை இப்பத்திக்கு வேணாம்னு அவுங்ககிட்ட சொல்லிடலாம்னு கீறேன் எல்லாருக்கும் ஓகே தானே” என்று இருந்தது.

கட்டைவிரலாக வந்து விழுந்தது. உங்கள் அண்ணி ரஜியா அக்காவும் வைத்தார். பிறகு சமையல்கட்டுக்கு வந்து, “இன்னா பண்றது பைரோசு, நான் வெக்கலன்னா வூட்ல அவரு மூஞ்சியப் பாக்க முடியாது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் சாயந்திரம் உங்கள் கட்டைவிரலும் வந்தது.

நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். பாறையில் ஏறினதும் ரோஜாப்பூவுக்கும் ஊறுகாய்க்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருப்பீர்கள். அவ்வளவு நீளத்தை யார் கடைசி வரை படிப்பார்கள்? இந்தப் பழக்கத்துக்காக எத்தனை தடவை உங்களைத் திட்டியிருக்கிறேன், இப்போது அதைத்தான் மலையாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து குரூப்பில் எழுதுங்கள். “படிக்காமல் வைத்துவிட்டேன், எனக்குச் சம்மதமில்லை” என்று. உங்கள் அண்ணன் மறுபடியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தப்பும் தவறுமாக எழுதினாலும் பரவாயில்லை. அதற்க்கு என்றே எழுதுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்குகிறது.

பைரோஸ்


வெள்ளிமலை,
22.5.2025

பைரோஸ்,

படித்தேன். கட்டைவிரல் வைப்பதற்கு முன்னாலேயே படித்தேன்.

நீ சொன்னபடி பாறையில்தான் உட்கார்ந்திருந்தேன். மெசேஜ் வந்தது. நீ கேட்டதை எழுத ஆரம்பித்தேன். “அண்ணே” என்று எழுதினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அழித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் ஏறினேன். எல்லாரும் வைத்திருந்தார்கள், நான் மட்டும்தான் பாக்கி. “சுபைரு இன்னா சொல்றான்” என்று அண்ணன் கேட்டிருந்தார். வைத்துவிட்டேன்.

படிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீயே அப்படி நம்பி எழுதியிருக்கிறாய், நான் தலையாட்டினால் போதும். அது ரொம்பக் கேவலம் என்று தோன்றியது.

எனக்கு மீசை முளைக்கிற வயசில் அத்தா போய்விட்டார். அண்ணன்தான் படிக்க வைத்தார், உன்னைப் பெண் பார்க்க வந்ததும் அவர்தான். மண்டி அவர் பேரில், கிடங்கு அவர் பேரில், நான் போட்டிருக்கிற சட்டையும் அவர் எடுத்துக் கொடுத்தது. அவரிடம் இன்றுவரை நான் முடியாது என்று சொன்னதில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியாது. உனக்கு மூட்டை நடுவில் மூச்சு முட்டுகிறது. நான் இவ்வளவு பெரிய மலையில் நிற்கிறேன், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பக்ரீதுக்கு வருகிறேன். நேரில் பேசிப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சுபைர்


எலவனாசூர்கோட்டை,
5.6.2025

என்னவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் பேரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். இதற்குள் உங்கள் அண்ணனும் சொல்லியிருப்பார்.

சொல்லிக்கொண்டுதான் வந்தேன். கடை ஃபோன் இரண்டையும் அவர் மேஜையில் வைத்து, நான் வேலைக்குப் போகிறேன் என்றேன். “குரூப்புல முடிஞ்சிபோச்சேம்மா” என்றார். குரூப்பில் என்னை யாரும் கேட்கவில்லையே என்றேன். அவர் கத்தவில்லை. “சுபைரே ஒத்துக்கினானே” என்று மெதுவாகத்தான் கேட்டார். அழுகை வந்துவிட்டது, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அமுதா டீச்சர் என்னைப் பார்த்ததும், “உங்க வூட்டுப் பெரியவரு போன் பண்ணாரு, நீ வரலன்னாரு. இப்ப நீ இன்னா சொல்ற?” என்றார். வருகிறேன் டீச்சர் என்றேன். “அப்ப ஆறாங்கிளாசுக்குப் போ, கத்திக்கினு கீதுங்க” என்று சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுத்தார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

முதல் நாளே என் புத்தி போகுமா? ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். இசைவாணி என்று ஒரு பெண். “வந்து, என் பேரு வந்து, எங்கப்பா வந்து” என்று ஒரே வந்துமயம். ஏம்மா இத்தனை வந்து என்றேன். “பயமா கீது மிஸ், பயந்தா வருது” என்றாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் என்னை ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றவில்லை. அது போதும் எனக்கு. ஆனால் பொறுத்துக்கொண்டு அந்தப் பின்னறைக்குத் திரும்பி வர என்னால் ஆகாது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். ஓட்டு வீடுதான், காற்று நன்றாக வருகிறது. உங்களுக்குத் தெரியாத புளியா, கடுக்காயா? உளுந்தூர்பேட்டையில் சின்னதாக ஒரு கடை போடலாம். உங்கள் அண்ணனைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் வேறு ஊரில் இருப்பார், நாம் வேறு ஊரில் இருப்போம், பெருநாளுக்குப் போய் வருவோம். வருகிறீர்களா?

வருகிறேன் என்று எழுதுங்கள், இல்லை வரவில்லை என்று எழுதுங்கள். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன்.

உங்கள்
பைரோஸ்


வெள்ளிமலை,
12.6.2025

பைரோஸ்,

நான் வரவில்லை. அண்ணனை விட்டு என்னால் வர முடியாது.

பக்ரீதுக்கு வீட்டுக்குப் போனபோது உன்னைப் போய்க் கூட்டி வரச் சொன்னார்கள். மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உனக்காக என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நீ வேலையை விடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் மறுபடியும் பார்க்கலாம் என்பேன், நீ மறுபடியும் காத்திருப்பாய்.

உன் துணிமணியும் புத்தகங்களும் டென்னிஸ் கொண்டுவந்து தருவான். அந்த வீட்டை உன் பேருக்கே பேசி எடுத்துக்கொள்.

சுபைர்